உண்ணி சுவரில் இருக்கிறது, விஷத்தை நாயின் மேல் ஊற்றாதீர்கள்

நேற்றிரவும் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயெல்லாம் எச்சில், கால்கள் உதறுகின்றன, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஒன்னும் கொடுக்கல டாக்டர், உண்ணித் தொல்லை தாங்கல, மருந்து போட்டுக் குளிப்பாட்டினோம்" என்றார் வீட்டுக்காரர். என்ன மருந்து? செடிக்கு அடிக்கிற மருந்து. தோட்டத்தில் வேலை செய்யும் சொந்தக்காரர் ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாராம்.

அட்ரோபின் என்ற முறிமருந்தை ஏற்றி விடிய விடியப் பார்த்துக்கொண்டோம், பிழைத்துவிட்டது. இதற்கு முன் இப்படி வந்த எல்லா நாயும் பிழைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உண்ணி எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் தாமான் (குடியிருப்பு) வீடுகளாகட்டும், ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளாகட்டும், நாய் இருக்கிற வீட்டில் இந்தப் புகார் இல்லாமல் இருக்காது. சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஏறுகிறது, திரைச்சீலையில் தொங்குகிறது, குழந்தையின் மெத்தையில் ஒன்று ஊர்கிறது. பாட்டி "இந்த நாயே வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து ஊற்றுகிறோம்.

"உண்ணியைக் கொல்கிற மருந்து நாயை என்ன செய்யும் டாக்டர்? அது எவ்வளவு பெரிசு!" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பூச்சியின் நரம்பில் இருக்கும் ஒரு நொதியை முடக்கிக் கொல்கின்றன. அதே நொதி நாய்க்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. நாய் பெரிசு என்பது ஒரு சொட்டு தெறித்தால் தாங்குவதற்கு உதவும். ஆனால் நீங்கள் தெறிக்கவில்லை, தலை முதல் வால் வரை தேய்த்துக் குளிப்பாட்டுகிறீர்கள். அந்த விஷம் தோல் வழியே உள்ளே போகும். அப்புறம் ஈரம் காயும் வரை நாய் தன்னையே நக்கிக்கொண்டிருக்கும், அப்போது வாய் வழியாகவும் போகும். சொறிந்து புண்ணாகியிருந்தால் இன்னும் வேகம். "தண்ணீர் நிறையக் கலந்தோம்" என்பார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு? பெயரே ஒட்டாத பாட்டிலில் இருந்த மருந்துக்கு அளவு யாருக்குத் தெரியும்? போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதும் பாதுகாப்பு அல்ல. இந்தத் தடவை நாய் எவ்வளவு நக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

கரப்பான் ஸ்ப்ரேயும் நாயின் உடம்புக்கு உரியதல்ல. வீட்டில் பூனையும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்குக் கொடிய விஷம். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும்.

இத்தனைக்கும் நீங்கள் தேடுகிற எதிரி நாயின் மேல் முழுதாக இல்லை. இங்கே வீடுகளில் பார்ப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. குஞ்சாக இருக்கும்போது ஒருமுறை, நடுப்பருவத்தில் ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை நாயின் இரத்தத்தைக் குடிக்கும். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் சுவர் விரிசல், கதவுச் சட்டம், பலகைத் தரையின் இடுக்கு, நாய்க்கூண்டின் மூலை. தாய் உண்ணி முட்டையிடுவதும் அங்கேதான், ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில். உயரே ஏறுவது அதன் பழக்கம் என்பதால் நீங்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க, அது கூரை ஓரத்தில் இருக்கும். சாப்பாடு கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். நமக்குக் குளிர்காலமும் கிடையாது, ஆண்டு முழுக்க அதற்கு விருந்துதான்.

ஆகவே நாய்க்கு ஒரு வேலை, வீட்டுக்கு ஒரு வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

நாய்க்கு: அஃபாக்சோலேனர், சாரோலேனர், ஃப்ளூராலனர் வகை மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. முதல் இரண்டும் மாதம் ஒன்று, மூன்றாவது இன்னும் நீண்ட நாள் தாங்கும். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் இரவு முழுக்க அவசர சிகிச்சைக்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். நாயை எடை போட்டுத்தான் வாங்க வேண்டும், பெரிய நாயின் மாத்திரையை வெட்டிச் சின்ன நாய்க்குக் கொடுக்கக் கூடாது. வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டிக்குக் கேட்காமல் எதுவும் போடாதீர்கள். மாத்திரை கொடுத்த மறுவாரம் "இன்னும் உண்ணி தெரியுதே டாக்டர்" என்று பலர் திரும்பி வருவார்கள். உண்ணி கடித்த பிறகுதான் மருந்து அதைக் கொல்லும், சுவரிலிருந்து புதிது புதிதாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறுவதெல்லாம் செத்து அந்தக் கூட்டம் வற்றச் சில மாதம் பிடிக்கும். நடுவில் நிறுத்தாதீர்கள். வீட்டில் மூன்று நாய் இருந்தால் மூன்றுக்கும் கொடுங்கள்.

வீட்டுக்கு: நாய் படுக்கும் துணியைக் கொதிக்கும் நீரில் போடுங்கள். இடுக்குகளை வாக்குவம் செய்து, அந்தக் குப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். விரிசல்களைப் பூசி அடையுங்கள். பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிட்டால் உண்ணி என்று சொல்லிக் கூப்பிடுங்கள். அடித்த மருந்து நன்றாகக் காயும்வரை நாய், பூனை, குழந்தை யாரும் உள்ளே வேண்டாம்.

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுக்க மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி எதுவும் தேவையில்லை. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள்.

"வருஷா வருஷம் ஊசி போடுறோமே, அப்புறம் எப்படி டிக் ஃபீவர்?" என்று உண்ணிக் காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த ஊசி பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிக்குத் தடுப்பூசி இல்லை. உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே அது நாய்க்குள் இறங்கிவிடக்கூடும். சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கிலிருந்து இரத்தம் வந்தால், சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே கொண்டு வாருங்கள். இரத்தப் பரிசோதனை செய்து சீக்கிரம் தொடங்கினால், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம் ஒழுங்காகக் கொடுத்தாலே பெரும்பாலான நாய்கள் தேறிவிடும்.

யாராவது ஏற்கெனவே விஷத்தை ஊற்றிவிட்டார்கள் என்றால், திட்டு வாங்குவோம் என்று பயந்து வீட்டில் வைத்திருக்காதீர்கள், நான் திட்டமாட்டேன். கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் வெதுவெதுப்பான நீரில் நாயைக் கழுவுங்கள். நக்க விடாதீர்கள். இளநீரோ பாலோ புகட்ட வேண்டாம், நடுங்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். அது ஏற்கெனவே வலிப்பில் இருந்தாலோ மூச்சுக்குத் திணறினாலோ கழுவ நிற்காமல் ஒரு துண்டில் சுற்றிக் காரில் ஏற்றுங்கள். வரும் வழியிலேயே கிளினிக்குக்குப் போன் செய்துவிடுங்கள். மறக்காமல் அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், லேபிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொடுத்தவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டுச் சொன்னால் போதும்.