கொப்பித்தாளில் எழுதிய அட்வான்ஸ்

போன மாதம் திருகோணமலையில், சட்டத்தரணியான என் மேசைக்கு ஒரு கொப்பித்தாள் வந்தது. நடுவில் முத்திரை, அதன்மேல் வீட்டுக்காரரின் கையெழுத்து. "உப்புவெளி வீட்டுக்கு அட்வான்சாக ஐந்து இலட்சம் பெற்றுக்கொண்டேன்." அவ்வளவுதான். மொத்த விலை என்ன, எப்போது உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதுவது, வாங்குபவர் விலகினால் காசு என்னாகும், எதற்கும் ஒரு வரி இல்லை. கொண்டுவந்தவர் பாலையூற்றைச் சேர்ந்த ஆசிரியர். அந்த வீட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்து, பிறகு விலகி, காசைத் திருப்பிக் கேட்பவர். "முத்திரை ஒட்டித்தானே சேர் வாங்கினனான், இது உறுதி மாதிரித்தானே?" என்று கேட்டார்.

இல்லை. காணியை விற்பது மட்டுமல்ல, விற்பதாக வாக்குக் கொடுப்பதும்கூட நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் சட்டத்தில் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அதைத்தான். எத்தனை முத்திரை ஒட்டினாலும் அது நொத்தாரிசுக்கு ஈடாகாது. அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டியதும் இல்லை. வீட்டைக் கேட்க அது உதவாது, காசைக் கேட்க நல்ல சாட்சி.

ஆசிரியர் விலகியதற்குக் காரணம் வங்கி. கடனுக்கு விண்ணப்பித்தபோது காணி யார் யார் கைமாறி வந்தது என்று காட்டும் முப்பது வருட உரித்து அறிக்கை, வீதி எல்லைச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் எல்லாம் கேட்டார்கள். வரைபடத்தில் கீழ்வீடு மட்டும்தான் இருந்தது. மேல்மாடி பிறகு அனுமதியில்லாமல் கட்டப்பட்டது. கடன் இல்லை என்று வங்கி கைவிரித்தது. வீட்டுக்காரரோ, "நான் உறுதி எழுதித்தர இன்றைக்கும் தயார். வராமல் நிற்பது அவர்தான்" என்றார்.

இப்படியான பிணக்குகளில் நான் முதலில் பார்ப்பது, யாருடைய பக்கத்துக் குறையால் வியாபாரம் முறிந்தது என்பதைத்தான். உரித்தில் வில்லங்கம், மறைத்த ஈடு (அடமானம்), சீதன உறுதியில் பெற்றோருக்கு ஒதுக்கிய சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) என்று விற்பவர் பக்கம் ஓட்டை இருந்தால், காசைத் துணிந்து கேட்கலாம். விற்பவர் தயாராக நிற்க, நமக்கு மனம் மாறிவிட்டது என்றால் வழக்கு நொண்டும். ஆசிரியர் இரண்டுக்கும் நடுவில் நின்றார். அனுமதியில்லாத மேல்மாடி அவருக்குச் சாதகம். ஆனால் கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று வாயால் சொன்னாராம், எழுதவில்லை. அப்படிச் சொன்னதே இல்லை என்கிறார் வீட்டுக்காரர்.

பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். பத்து நாளில் வீட்டுக்காரர் நேரிலேயே வந்தார். கெட்ட மனிதர் அல்ல. காசுதான் அவர் கையில் இல்லை. மகளுக்கு நிலாவெளியில் காணி பார்த்து, அந்த ஐந்து இலட்சத்தை அங்கே அட்வான்சாகக் கொடுத்துவிட்டார்! நம் ஊரில் அட்வான்ஸ் காசு அலுமாரிக்குள் தூங்குவதில்லை. ஒரு கையில் வாங்கி மறு கையால் இன்னொருவருக்குப் போய்விடும். எனவே வாதத்தில் வெல்வதைவிட, காசு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே புத்தி. இரண்டு இலட்சம் உடனே, மிச்சம் நான்கு மாதத்தில் என்று முடிவானது. மிச்சத்துக்குப் புரோநோட் (காசைத் தருவதாக எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம்) எழுதி வாங்கினேன். தவணை தவறினால் பழைய கதையை முதலிலிருந்து நிரூபிக்கத் தேவையில்லை, அந்தப் புரோநோட்டை வைத்தே வழக்குப் போடலாம்.

பலர் நேரே பொலிசுக்கு ஓடுகிறார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பேரிடம் மறைத்து அட்வான்ஸ் வாங்கினார், தனக்கில்லாத காணியைக் காட்டினார் என்று தொடக்கத்திலேயே ஏமாற்று இருந்தால் அது சரி. மற்றபடி இது சிவில் விடயம். தொகை குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகமுன், இரு தரப்பையும் இணக்கப்படுத்தும் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். அங்கே இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழோடுதான் வழக்கு. சபையை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஊர் மரியாதைக்குப் பயந்து அங்கே காசை எண்ணி வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

"தம்பி, அடுத்த மாசம் தாறன்" என்ற பேச்சை நம்பி வருடக்கணக்கில் இருப்பதுதான் ஆபத்து. எழுத்து ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட ஆறு வருடம், வாய்ப்பேச்சு என்றால் மூன்றுதான். உங்கள் தாள் எந்த வகை என்று வாதாடும் நிலை வேண்டாம். மூன்று என்றே எண்ணி நடவுங்கள்.

திருகோணமலைக்கென்று ஒரு தனித் தலையிடியும் உண்டு: பெர்மிட் காணி, அதாவது அரசு நிபந்தனையோடு கொடுத்த காணி. மாவட்டத்தில் அரச காணி அதிகம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த அளிப்புக் காணியை அரச அதிகாரியின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. லண்டனில் இருக்கும் மகன் காசு அனுப்ப, தாய் அட்வான்ஸ் கட்டிய பிறகு "இது பெர்மிட்" என்று தெரியவந்த கதை என்னிடம் இரண்டு கோப்பில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் ஒரு தடவை விசாரித்திருந்தால் போதும். புரோக்கருக்குக் கொடுத்த காசு அந்த இரண்டு குடும்பத்துக்குமே திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை எழுதினாலும் கண்ணை மூடிக் கையெழுத்து வைக்காதீர்கள். வாங்குபவர் விலகினால் முற்பணம் பறிபோகும் என்ற வாசகம் அதில் பெரும்பாலும் இருக்கும். அதன் கீழேயே, "வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, உரித்தில் குறை காணப்பட்டாலோ முற்பணம் முழுவதும் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கப்படும்" என்று எழுதச் சொல்லுங்கள். காசையும் வங்கிக் கணக்கினூடாகவே கொடுங்கள்.

ஆசிரியர் இப்போது அலஸ்தோட்டத்தில் வேறொரு வீடு பார்த்திருக்கிறார். இந்த முறை காசு கொடுக்க முன் வரைபடத்தையும் உறுதிப் பிரதியையும் என்னிடம் கொண்டுவந்தார். "நாளைக்கு வேறை ஆள் வரப்போகுது" என்று புரோக்கர் மட்டும் இரண்டு நாளாகக் கோபத்தில் இருக்கிறாராம்.