டெமோசீன்: 'ஆர்ப்பாட்டக் காட்சி' அன்று, 'நிரற்களரி'

தலவாக்கலைக்கு அருகே நான் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்பிக்கும் உயர்தர வகுப்பில், மாணவி ஒருத்தி தன் ஒப்படையில் 'டெமோசீன்' என்னும் சொல்லை 'ஆர்ப்பாட்டக் காட்சி' என்று எழுதியிருந்தாள். இயந்திர மொழிபெயர்ப்பு கொடுத்ததை அவள் நம்பிவிட்டாள். மலையகத்தில் ஆர்ப்பாட்டம் என்றதும் நாட்சம்பள உயர்வு கேட்டுத் தோட்டத் தொழிலாளர் வீதியில் இறங்குவதுதான் மனத்தில் எழும் என்பதால், அந்த ஒப்படையை வாசித்த சக மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்படியென்றால் சரியான தமிழ் என்ன, சேர்?" என்று அவள் கேட்டாள். அக்கேள்விக்கு வகுப்பில் சொன்னதைவிடச் சற்று விரிவாக இங்கே விடை எழுதுகிறேன்.

டெமோ என்பது, இயக்கியதும் படிமங்களையும் இசையையும் அந்தக் கணத்திலேயே கணித்துத் திரையில் நிகழ்த்தும் ஒரு கணினிச் செய்நிரல். முன்கூட்டிப் பதிவுசெய்து ஓடவிடும் காணொளியன்று. பார்ப்பவர் கையாளும் விளையாட்டும் அன்று. இத்தகைய நிரல்களை எழுதுவோர், அவற்றுக்கு இசையமைப்போர், ஓவியந் தீட்டுவோர், ஆண்டுதோறும் ஒன்றுகூடி அவற்றைப் போட்டிக்கு வைப்போர் ஆகிய எல்லோரும் சேர்ந்த உபகலாசாரமே டெமோசீன்.

'டெமோ' என்பது 'டெமொன்ஸ்ட்ரேஷன்' என்பதன் குறுக்கம். அதன் வேர் 'சுட்டிக் காட்டுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினை. ஆங்கிலத்தில் ஆய்வுகூடச் செய்துகாட்டலுக்கும் வீதிப் போராட்டத்துக்கும் இந்த ஒரே சொல் வழங்குவதால்தான் இயந்திரம் தடுமாறியது. 'சீன்' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் 'ஸ்கேனே' என்பது கூடாரத்தைக் குறித்தது. நடிகர்கள் உடைமாற்றும் கொட்டகைக்கும், பின்னர் அரங்கின் பின்புறக் கட்டடத்துக்கும் பெயராகி, இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் அரங்கையும் நாடகக் காட்சியையும் சுட்டியது. ஒரு கலையைச் சூழ்ந்து வாழும் மக்கள் கூட்டம் என்ற பொருள் பேச்சுவழக்கில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. டெமோசீனில் உள்ளது இந்தக் கடைசிப் பொருளே. ஆகவே அங்கே 'காட்சி' என்று எழுதுவது பிழை.

இந்தக் கலை பிறந்த இடம் பெருமைக்குரியதன்று. 1982 இல் வெளிவந்த கொமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளின் விளையாட்டுகளில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைத்துப் பரப்பிய இளைஞர்கள், விளையாட்டு தொடங்குமுன் தங்கள் குழுப்பெயரை அசையும் எழுத்துகளாலும் இசையாலும் அறிவிக்கும் சிறு நிரலொன்றைச் சேர்த்தார்கள். அதற்கு 'இன்ட்ரோ' என்று பெயர். யாருடைய அறிவிப்பு நேர்த்தியானது என்ற போட்டி முற்றியபோது, விளையாட்டும் திருட்டும் விலகிப்போய், அறிவிப்பு மட்டும் தனிக்கலையாக நின்றது. பின்லாந்தில் 1992 முதல் அசெம்பிளி என்னும் கூடல் நடைபெற்று வருகிறது. பின்லாந்து 2020 இலும், ஜேர்மனியும் போலந்தும் 2021 இலும் டெமோசீனைத் தத்தமது தேசிய மரபுரிமைப் பட்டியலில், தொட்டுணர முடியாத கலாசார மரபுரிமையாகச் சேர்த்துக்கொண்டன.

அளவுக் கட்டுப்பாடே இதன் உயிர். 64 கிலோபைட், 4 கிலோபைட், ஏன் 256 பைட் என்றுகூடப் போட்டிப் பிரிவுகள் உண்டு. எழுத்துகளைக் கணினியில் பதியும் ஒருங்குறியின் யூரிஎப்-8 முறையில் 'கூத்து' என்ற மூன்றெழுத்துச் சொல்லைச் சேமிக்கவே 18 பைட் வேண்டும். 4 கிலோபைட்டில், அதாவது 4,096 பைட்டில், இந்தக் கட்டுரையின் பாதிகூட அடங்காது. அந்த அளவுக்குள் 2009 இல் ஜேர்மனியின் பிரேக்பொயின்ட் கூடலில் அரங்கேறிய 'எலிவேட்டட்', பனிபடர்ந்த ஒரு மலைத்தொடர் முழுவதையும் சூத்திரங்களிலிருந்தே எழுப்பி, அதன்மேல் நம்மை இசையோடு பறக்கவைக்கிறது. மலைகளுக்கிடையே வளர்ந்த என் மாணவர்கள் அதைப் பார்த்து வாயடைத்துப்போனார்கள். ஓர் ஒளிப்படம்கூட அதில் இல்லை என்று சொன்னபோது அவர்கள் முதலில் நம்பவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். 'செயல்விளக்கம்' விவசாயப் போதனாசிரியர் வயலில் செய்துகாட்டுவதற்குப் பொருந்தும். 'மாதிரி' என்றால் விற்பனைக்கு முந்திய சோதனைப் பதிப்பு என்றாகும். 'காட்டுநிரல்' என்று ஒருவர் பரிந்துரைத்தார். அதைக் கேட்பவருக்குக் காடுதான் முதலில் நினைவுக்கு வரும். கூத்தையும் நாடகத்தையும் 'நிகழ்த்துகலை' என்று தமிழில் ஏற்கெனவே வழங்குகிறோம். ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ்வது என்ற நுட்பம் அச்சொல்லில் இருப்பதால், டெமோவுக்கு 'நிகழ்த்துநிரல்' என்பதே தகும்.

'சீன்' என்பதற்கு 'வட்டம்' பொருந்துமா என்று நெடுநாள் யோசித்தேன். இலக்கிய வட்டம் என்கிறோம். ஆயினும் அது உறுப்பினரும் செயலாளரும் உள்ள ஒரு சங்கத்தையே பெரும்பாலும் குறிக்கிறது. 'உலகம்' மிக விரிந்தது. மாசி மாதத்தில் நமது தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும் பொட்டலை எண்ணிப் பார்த்தேன். தப்பு முழங்க, ஆடுபவரும் அடிப்பவரும் சுற்றிநின்று குறைநிறை சொல்பவரும் ஒரே லயக் குடியிருப்புச் சனங்களாகவே இருப்பார்கள். நிரல் எழுதியவரே அடுத்தவரின் நிரலுக்கு வாக்களிக்கும் டெமோ கூடலும் அவ்வாறே. 'பொட்டல்' என்றால் பிறபகுதித் தமிழருக்கு வெறுநிலம் என்றே படும். மட்டக்களப்புக் கூத்தர் ஆடுகளத்துக்கு வழங்கும் 'களரி' எல்லோருக்கும் எட்டும், 'ஸ்கேனே' போலவே இடத்திலிருந்து மக்களுக்குப் பொருள் விரியவும் இடந்தரும். எனவே டெமோசீன் 'நிரற்களரி' ஆகலாம்.

டெமோ கூடலைக் குறிக்கும் 'டெமோபார்ட்டி' என்பதை விருந்து என்று பெயர்க்காமல் 'களரிக்கூடல்' எனலாம். நிரலின் இடையே பிற குழுக்களைப் பெயர்சொல்லி வாழ்த்தும் பகுதிக்கு 'அவைவணக்கம்' போதும். 'இன்ட்ரோ' இன்று அளவிற் சிறிய ஆக்கத்தையே குறிப்பதால், 'அறிமுகம்' என்பதைத் தவிர்த்துக் 'குறுநிரல்' என்று எழுதுவது நன்று. மாணவி தன் ஒப்படையின் முதல் வரியை இப்போது இவ்வாறு திருத்தியிருக்கிறாள்: "எலிவேட்டட் என்பது நிரற்களரியில் 2009 இல் அரங்கேறிய 4 கிலோபைட் குறுநிரல்."