பாஸ்புக்கை வாடகைக்கு விட்டால் என்ன ஆகும்? சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமும் உங்கள் சேமிப்புக் கணக்கும்

"சார், கார்டு வேலை செய்யல." கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். கூடவே அம்மா. கணக்கைத் திறந்து பார்த்தேன். அதுவரை 500, 1,000 என்று ஓடிக்கொண்டிருந்த கணக்கில் ஒரே நாளில் 4 லட்சத்துச் சொச்சம் வந்திருக்கிறது. வந்த அரை மணி நேரத்துக்குள் ஏழெட்டுத் துண்டாகப் பிரிந்து வெளியே போயிருக்கிறது. இப்போது கணக்கு ஹோல்டில். "யார்கிட்டயாவது குடுத்தியா தம்பி?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாதான் சொன்னார்: "ஃப்ரெண்டோட அண்ணனாம் சார். கம்பெனி சம்பளம் போட ஒரு மாசத்துக்கு அக்கவுண்ட் வேணும்னானாம். அஞ்சாயிரம் குடுத்திருக்கான்."

பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கணக்கோடு இணைத்த சிம். இந்த மூன்றையும் கொடுத்துவிட்டால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கும், சாவி இன்னொருவன் கையில் இருக்கும். வங்கி வட்டாரத்தில் இதற்கு 'மியூல் அக்கவுண்ட்' என்று பெயர். மியூல் என்றால் பொதி சுமக்கும் கோவேறு கழுதை. நான் வாடகைக் கணக்கு என்றே சொல்கிறேன்.

யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தை நேராகத் தன் கணக்கில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு மோசடிக்காரன் முட்டாள் இல்லை. முதலில் ஒரு வாடகைக் கணக்கு, அங்கிருந்து பத்து கணக்கு, அதிலிருந்து இன்னும் முப்பது என்று பிரித்துப் பிரித்து அனுப்புவான். கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாக எடுப்பான், அல்லது கிரிப்டோவாக மாற்றுவான். போலீஸ் தடம் பிடித்து வரும்போது முதல் கதவில் இருப்பது அந்தப் பையனின் பெயரும் ஆதாரும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-ல் இயற்றப்பட்டது. 2005 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. செய்திகளில் அமலாக்கத்துறை சோதனை என்று வருகிறதே, அதற்கு அடிப்படை இதுதான். அதனால் இது அமைச்சர்களுக்கும் கோடீஸ்வரர்களுக்கும் மட்டுமான சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிவு 3-ஐப் படித்தால் அப்படி இல்லை. குற்றத்தில் கிடைத்த பணத்தை வைத்திருப்பது, மறைப்பது, நல்ல பணம்போலக் காட்டுவது மட்டுமல்ல, தெரிந்தே அதற்கு உதவுவதும் குற்றம். பிரிவு 4-ன்படி தண்டனை 3 முதல் 7 ஆண்டு கடுங்காவல், அபராதம் தனி. போதைப்பொருள் தொடர்பான பணம் என்றால் 10 ஆண்டு வரை போகும்.

'தெரிந்தே' என்ற சொல்தான் இங்கே முக்கியம். உண்மையிலேயே ஏமாந்தவருக்கு அந்தச் சொல் பாதுகாப்பு. ஆனால் சும்மா ஒரு கணக்கைக் கொடுத்ததற்கு 5,000 ரூபாய் ஏன் தருகிறார்கள் என்று யோசிக்கவே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இதில் அமலாக்கத்துறை வராவிட்டாலும், ஏமாற்றுதல் வழக்கில் உள்ளூர் சைபர் கிரைம் போலீஸே பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 318-ஆம் பிரிவில் சேர்த்துவிட முடியும்.

வங்கி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறது

"என் காசை நான் எடுக்க உனக்கு ஏம்பா கணக்கு சொல்லணும்?" கவுன்ட்டரில் வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். நியாயமான கோபம்தான். ஆனால் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு வங்கியையும் கட்டிப்போட்டிருக்கிறது. வாடிக்கையாளர் யார் என்று அடையாளம் பார்க்க வேண்டும், பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும், சில பரிவர்த்தனைகளை டெல்லியில் நிதி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் வங்கிக்கு. 2024-ல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு அந்தப் பிரிவு 5.49 கோடி ரூபாய் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம்.

எதையெல்லாம் தெரிவிக்கிறார்கள்? 10 லட்சத்துக்கு மேல் ரொக்கப் பரிவர்த்தனை என்றால் தானாகவே அறிக்கை போய்விடும். ஒரே மாதத்தில் இரண்டரை இரண்டரை லட்சமாக ஐந்து தடவை போட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தொடர்புள்ள தொகைகளைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். அதைவிட, வேண்டுமென்றே பிரித்துப் போடுவதே சந்தேகத்தைக் கிளப்பும்.

நிலம் விற்ற பணத்தை ரொக்கமாகப் போடுபவரின் பெயரும் அந்த அறிக்கையில் போகும். பயப்பட ஒன்றுமில்லை, அது குற்றச்சாட்டு அல்ல. கிரையப் பத்திர நகலைக் கையில் வைத்திருங்கள், கேட்டால் காட்டுங்கள், அவ்வளவுதான்.

சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை வேறு வகை. அதற்குத் தொகை வரம்பு கிடையாது. மாதம் 12,000 சம்பளக் கணக்கில் திடீரென்று லட்சங்கள் வந்து உடனே வெளியேறினாலே போதும். இப்படி ஓர் அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளரிடம் சொல்ல வங்கிக்கு அனுமதி இல்லை. மேனேஜர் சில கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் சொன்னால், பல நேரம் காரணம் திமிர் அல்ல, இந்தத் தடைதான்.

கேஒய்சி: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

கேஒய்சி என்றால் வாடிக்கையாளர் யார் என்று வங்கி அடையாளம் பார்ப்பது. அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, அதிக ஆபத்துள்ள கணக்கு என்று வங்கி வகைப்படுத்தியவர்களுக்கு 2 ஆண்டு, நடுத்தரத்துக்கு 8, குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு 10 ஆண்டு. சம்பளக்காரர், ஓய்வூதியர் போன்றவர்கள் பெரும்பாலும் கடைசி வகை. விவரம் எதுவும் மாறவில்லை என்றால் 'மாற்றமில்லை' என்று ஓர் உறுதிமொழி போதும். பதிவு செய்த மொபைல், மின்னஞ்சல், கடிதம் எதன் மூலமும் கொடுக்கலாம். மறுபடியும் ஒரு கட்டு ஜெராக்ஸ் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆதார் மட்டுமே ஆவணம் இல்லை. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை ஆகியவையும் செல்லும். பான் இல்லாதவர் அதற்குப் பதிலாக ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம். கையில் ஒரு ஆவணமும் இல்லாதவருக்குக்கூட வழி உண்டு. கிளைகளிலேயே பலருக்கு இது தெரியாது என்பது என் வருத்தம். புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டோடு 'சிறு கணக்கு' தொடங்கலாம். வருடத்தில் 1 லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. முதலில் 12 மாதம் ஓடும். ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம்.

ஒரு எச்சரிக்கை. 'கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இந்த லிங்கை அழுத்துங்கள்' என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் ஆதார் பணமோசடி வழக்கில் சிக்கியிருக்கிறது, வீடியோ காலிலேயே இருங்கள், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்பார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. போனை வையுங்கள்.

தப்பே செய்யாதவர் கணக்கு முடங்கினால்

இதுவும் நடக்கிறது. டீக்கடையில் யாரோ ஸ்கேன் செய்து 60 ரூபாய் அனுப்புகிறார். அந்தப் பணம் எங்கோ ஒரு மோசடிச் சங்கிலியின் பத்தாவது கண்ணி. வேறு மாநிலத்து சைபர் போலீஸிடமிருந்து வங்கிக்குத் தகவல் வருகிறது, கடைக்காரரின் கணக்கு முழுதாக நின்றுவிடுகிறது. மறுநாள் பால்காரருக்குக் கொடுக்கக் காசில்லை. மோசடியைத் தடுக்கும் ஏற்பாட்டில் எனக்கு ஒப்புதல் இல்லாத பகுதி இதுதான்.

கிளைக்குப் போய்ச் சண்டை போடுவதால் பலனில்லை, தடையை அவர்களாக எடுக்க முடியாது. எழுத்தில் நான்கு விவரம் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண், சந்தேகத்துக்குள்ளான தொகை எவ்வளவு. பிறகு அந்தத் தொகைக்கு மட்டும் தடை போட்டு மீதியைப் பயன்படுத்த விடுங்கள் என்று மனு கொடுங்கள். சம்பந்தப்பட்ட தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் தொகையைக் குறிப்பிடாமல் மொத்தக் கணக்கையும் முடக்குவதை ஏற்கவில்லை. மனுவில் இதைச் சேருங்கள். பில், வாட்ஸ்அப் உரையாடல், பொருள் அனுப்பிய ரசீது எது இருந்தாலும் இணைத்து அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

நீங்களே பணத்தைப் பறிகொடுத்தவர் என்றால் கதை வேறு. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுக்க முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். நாளைக் காலை கிளையில் போய்ச் சொல்லலாம் என்று விட்டால் பணம் முப்பது கணக்குக்குப் போயிருக்கும்.

அந்தப் பையனுக்கு வருவோம். ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டு இப்போது வயிற்றைக் கலக்குகிறவர்களும் இதைப் படிக்கலாம். இன்றே கார்டையும் நெட் பேங்கிங்கையும் பிளாக் செய்யுங்கள். சிம் உங்கள் பெயரில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். யார், எப்போது, என்ன சொல்லி வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கிளையிலும் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுங்கள். அவர் அனுப்பிய மெசேஜை அழிக்காதீர்கள். முடிந்தால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கிளையில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.