ஏரிக்குக் கரை மூன்று பக்கம்தான்

பூங்கா, கல்லூரி வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் பச்சைத் துண்டு, இவற்றுக்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். சில வருடங்களுக்கு முன்னால் சென்னைப் புறநகரில் ஓர் ஏரியை 'மேம்படுத்தும்' வேலை வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிலும் கரை, கரைமேல் மூன்றரை மீட்டர் அகலத்தில் நடைபாதை, உள்சரிவு முழுக்கக் கருங்கல் பதிப்பு, நடுவில் பறவைகளுக்கென்று வட்டமாக ஒரு தீவு. வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. திறப்பு விழாவும் நன்றாக நடந்தது. காலையில் நடக்க வருகிறவர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நன்றி சொல்கிறார்கள்.

அடுத்த ஜனவரியில் அந்தக் கரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். கழுத்தில் பைனாகுலர், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அந்த ஏரிக்கு வரும் பறவைகளைப் பல வருடமாக எழுதி வைக்கிறவர். நான்தான் வரைந்தேன் என்று தெரிந்ததும், "தம்பி, தண்ணி நல்லா நிக்குது. அதுங்க நிக்கத்தான் இடம் இல்லை" என்றார். எனக்குப் பிடிபடவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டினார். வேலை தொடங்குவதற்கு முந்தைய ஜனவரியில் நெடுங்கால் உள்ளான், இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, பெயர் தெரியாமல் 'உள்ளான் வகை' என்று மட்டும் எழுதிய நாலைந்து வரிகள். இந்த ஜனவரியில் நீர்க்காகம், முக்குளிப்பான். அவ்வளவுதான். இரண்டுமே மூழ்கி மீன் பிடிக்கிறவை. காலால் நடந்து மேய்கிற பறவை ஒன்றுகூட நோட்டின் அந்தப் பக்கத்தில் இல்லை.

"ஏரியைத் தொட்டியாக்கிட்டீங்களே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவர் சொன்னதில் என்ன இருக்கிறது என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இது புத்தகத்தில் தேட வேண்டிய விஷயமே இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிப்பாசனம் பார்த்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். நம் ஏரிக்குக் கரை மூன்று பக்கம்தான். பள்ளமான பக்கத்தை வளைத்து மண்கரை போட்டு, அதில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க மதகும், மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகக் கலங்கலும் வைத்தார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைநீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். ஏரி நிரம்பும்போது தண்ணீர் அந்தப் பக்கம் மெலிதாகப் பரவி ஏறும், வெயில் ஏற ஏற அப்படியே பின்வாங்கும். அதைத்தான் உள்வாய் என்கிறோம். கோரையும் புல்லும் சேறுமாக, மாடு மேயும் இடம். பார்ப்பவர் கண்ணுக்குச் சும்மா கிடக்கிற நிலம்.

பறவைக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு. நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். சின்ன உள்ளான்களுக்கு அதுவும் வேண்டாம், ஈரச் சேறு இருந்தால் அலகை விட்டுப் புழுவை எடுத்துக்கொள்ளும். வடக்கிலிருந்து வலசை வருகிறவை ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இறங்குகின்றன. மார்கழி முடிந்து மழை விட்டதும் ஏரி மெல்ல வற்றத் தொடங்குகிறது. வாரத்துக்கு வாரம் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, புதிதாக ஒரு பட்டை சேறு வெளியே வருகிறது. வாரத்துக்கு வாரம் புது இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி.

இப்போது என் கருங்கல் சரிவைப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்றரை என்று சரிவு வைத்திருந்தேன். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் வெளியே தெரிவது ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெறும் கல். அதுவே ஒன்றுக்குப் பத்து என்ற சரிவில் மண்ணாக விட்டிருந்தால், அதே ஒரு மீட்டருக்குப் பத்து மீட்டர் அகலத்துக்குச் சேறு கிடைத்திருக்கும். வட்டத் தீவுக்கும் இதே செங்குத்துச் சரிவு. அதில் கொக்கு வந்து அடையும், சரி. மேய எங்கே போகும்? தூர் வாரியதும் அப்படித்தான். அடியை ஒரே ஆழமாக, கிண்ணம் மாதிரி வழித்து எடுத்தோம். கொள்ளளவு கூடியது என்று அறிக்கையில் எழுதினோம், அது உண்மையும்கூட.

தவறின் வேர் வரைபடத்திலேயே இருக்கிறது. மாஸ்டர் பிளான் என்கிற முழுமைத் திட்ட வரைபடத்தில் ஏரி என்றால் ஒரு நீல வடிவம், அதைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்கு உள்ளே தண்ணீர், வெளியே மனை. ஆனால் ஏரியின் விளிம்பு மாதத்துக்கு மாதம் நகர்கிறது. நகர்கிற விளிம்புக்கு எங்கள் வரைபடத்தில் நிறமே கிடையாது. அதனால்தான் உள்வாயை வருடத்தில் எட்டு மாதம் காய்ந்த நிலமாகப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அங்கே வீட்டைக் கட்டிவிட்டு, மழைக்காலத்தில் ஏரி வீட்டுக்குள் வந்துவிட்டது என்கிறோம்.

சிங்கப்பூரில் இதற்கு நேர் எதிரான ஒரு வேலை நடந்தது. பிஷான்-ஆங் மோ கியோ பூங்காவின் ஓரமாகக் காலாங் ஆறு ஒரு நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக, 2.7 கிலோமீட்டருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கான்கிரீட்டை உடைத்தார்கள். ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து போக விட்டார்கள், நீளம் 3.2 கிலோமீட்டரானது. 2012-இல் திறந்தார்கள். கரை அரிக்காமல் இருக்க செடிவேர், கல், மரத்தண்டு என்று பலவிதமாகக் கட்டி, முதலில் ஒரு சின்னப் பக்கக் கால்வாயில் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆற்றில் கை வைத்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, அந்த ஆற்றுக்கு நிலையான அகலமே கிடையாது என்பது. சாதாரண நாளில் சின்ன ஓடை, பிள்ளைகள் கால் நனைக்கலாம். கனமழையில் தண்ணீர் புல்வெளி மேல் ஏறி நூறு மீட்டர் அகலம்வரை பரவும். அதற்கு முன்னால் சைரனும் எச்சரிக்கை விளக்கும் ஆட்களை மேலே ஏற்றிவிடும். வெள்ளம் வந்தால் பூங்கா ஆறாகும் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அப்புறம் நீர்நாய்கள் வந்து அங்கே குட்டி போட்டன. யாரும் பிடித்து வந்து விடவில்லை.

இதை இங்கே சொன்னால் உடனே, "அது சிங்கப்பூர் சார்" என்பார்கள். நியாயம்தான். அங்கே நிலம் பெரும்பாலும் அரசிடம் இருக்கிறது. இங்கே ஒரே ஏரியில் தண்ணீர் ஒரு துறை, கரை ஒரு துறை, புறம்போக்கு ஒரு துறை. அதைவிடப் பெரிய சங்கடம் கழிவுநீர். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் சாக்கடை வந்துகொண்டிருக்கும்போது சரிவை எப்படி வைத்தாலும் ஆகாயத்தாமரைதான் மூடும். முதலில் அதை அடைக்காமல் பல்லுயிர் பேசுவது வெறும் பேச்சு.

ஆனால் விளிம்புக்கு இடம் விடுவதற்கு சிங்கப்பூர்க் காசு தேவையில்லை, பல நேரம் கட்டாமல் விட்டால் போதும். விதி ஒன்றும் நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வழக்கமாக விற்க முடியாத முக்கோண மூலையை அதற்குத் தள்ளிவிடுவார்கள். அதையே வரத்துக் கால்வாய் ஓரமாக நீளமாக ஒதுக்கினால், பக்கத்து மனைப்பிரிவுக்காரரும் அப்படியே செய்தால், ஏரிக்கு ஏரி ஒரு பசுமை வழி தானாக உருவாகும். ஓணானுக்கும் கீரிக்கும் அதுதான் ரோடு. நான் இரண்டு மனைப்பிரிவுகளில் இப்படிச் செய்ய வைத்தேன். மூன்றாவதில் வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

இந்தத் தொடர்ச்சி அலங்காரத்துக்கில்லை. தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் பல, ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழிந்து கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கடல். பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, பூநாரைப் படங்கள் எல்லோர் போனிலும் வந்தன. ஆனால் மேலே இருக்கிற ஏரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டியாக்கிக்கொண்டே போனால், கீழே இருக்கிற சதுப்பு மட்டும் எத்தனை பறவையைத் தாங்கும்?

உங்கள் பகுதி ஏரிக்கு அழகுபடுத்தும் திட்டம் வந்தால் நகரம் என்றால் ஏரியா சபையிலோ, கிராமம் என்றால் கிராம சபையிலோ அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்க வேண்டியவை பெரிய தொழில்நுட்பக் கேள்விகள் இல்லை. மேட்டுப் பக்கத்திலும் கரை போடுகிறார்களா? போடுகிறார்கள் என்றால் மழைத்தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும்? கல் பதிப்பு மதகும் அலையும் இருக்கிற பக்கத்தோடு நின்றுவிடுகிறதா, சுற்றி வருகிறதா? எத்தனை மரக்கன்று என்று அவர்களே சொல்வார்கள், அதைக் கேட்க வேண்டாம். விளக்குக் கம்பம் எத்தனை என்று கேளுங்கள். இரவெல்லாம் வெள்ளை வெளிச்சம் அடிக்கிற கரையில் எந்தப் பறவை நிம்மதியாக அடையும்?

அந்த ஏரியில் வடமேற்கு மூலையில் ஓர் அறுபது மீட்டருக்கு வேலையே நடக்கவில்லை. சர்வே எல்லையில் தகராறு, அதற்குள் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆசிரியர் என்னை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார். கோரை மண்டிக் கிடந்தது. கரையெல்லாம் சுற்றி வந்தும் தென்படாத நெடுங்கால் உள்ளான் பதினொன்று அங்கே, சிவப்புக் குச்சிக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தன. அன்றிரவே அவர் நோட்டில் ஏறியிருக்கும்.

தகராறு தீர்ந்ததும் பொறியாளர் போன் செய்தார். பாக்கி அறுபது மீட்டரையும் முடித்துவிடலாம் என்றார். வேண்டாம், அப்படியே விடுங்கள் என்றேன். "விட முடியாது சார், முடிக்காத வேலைன்னு ஆடிட்ல எழுதுவாங்க" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு. திருத்திய வரைபடம் ஒன்று போட்டு, அந்த இடத்தைப் பச்சையும் நீலமுமாகக் கோடிட்டு, 'உள்வாய் - நீர் பரவும் பகுதி, கட்டுமானம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கையெழுத்தாகி வந்துவிட்டது.