எருக்கஞ்செடிக்கு முன்னால் ஒரு மணி நேரம்

ஆவணி பிறந்ததும் எருக்கம்பூவுக்கு மவுசு வந்துவிடும். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுவதற்காகக் கண்மாய்க்கரையிலும் தண்டவாள ஓரத்திலும் பை பையாகப் பறித்துப் போவார்கள். மற்ற நாளில் அந்தச் செடியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காட்டுயிர்ப் படம் எடுக்க முதுமலைக்கோ வால்பாறைக்கோதான் போக வேண்டும் என்று நினைக்கும் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். வீட்டுக்கு ஆகப் பக்கத்தில் இருக்கும் எருக்கஞ்செடி எது என்று பாருங்கள்; அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

காலையிலேயே போய்விட வேண்டும். சித்திரையில் நம் தலைக்கு மேல் வடக்கே போன சூரியன், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தெற்கே திரும்பும் வழியில் மறுபடியும் மதுரை உச்சிக்கு வருகிறது. நண்பகலில் வெளிச்சம் செங்குத்தாக இறங்குவதால் பூவின் மேல்பக்கம் வெளுத்து, அடிப்பக்கம் கறுத்துவிடும். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வெயில் பக்கவாட்டில் விழும். பட்டாம்பூச்சிகளும் அந்த நேரத்தில் நமக்கு ஒத்துழைக்கும். பறக்கும் தசைகள் சூடேறினால்தான் அவற்றால் எழும்ப முடியும். அதுவரை சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கிட்டப் போகும்போது உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சியின் கூட்டுக்கண்ணுக்கு உருவத்தின் நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது, அசைவு மட்டும் நம்மைவிட வேகமாகத் தெரியும். மெதுவாக நகர்ந்தால் ஒரு முழம் வரை நெருங்கலாம்.

எருக்கில் தவறாமல் வந்து சேர்வது வெந்தய வரியன். ஆரஞ்சுச் சிறகு, கறுப்பு ஓரம், முன்சிறகின் நுனியில் வெள்ளைத் திட்டுகள். இதைப் படம் எடுக்கும்போது கேமராவைச் சிறகுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். இவ்வளவு நெருக்கத்தில் துல்லியமாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு சிறகு தெளிவாகவும் இன்னொன்று கலங்கலாகவும் வரும். வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பின்சிறகின் நடுவில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் பெண். வெள்ளை நடுவோடு நான்காவதாக ஒன்று இருந்தால் ஆண். இப்படிக் கூட்டமாகப் புள்ளிகளே இல்லையென்றால், நீங்கள் எடுத்தது வெந்தய வரியனே அல்ல! அதைப் போலவே உடுத்திக்கொண்டு பறவைகளை ஏமாற்றும் வேறோர் இனத்தின் பெண்ணாக இருக்கலாம். அந்த இனத்தின் ஆணோ கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளை வட்டங்களோடு, சம்பந்தமே இல்லாத தோற்றத்தில் திரியும். களத்தில் படபடக்கும் சிறகில் இந்த வித்தியாசத்தை என்னால் ஒருபோதும் பார்க்க முடிந்ததில்லை. படம்தான் காட்டிக்கொடுத்தது.

அந்த நான்காவது புள்ளி ஒரு மணப்பை. ஆண் பூச்சி தன் வயிற்று நுனியிலிருந்து தூரிகை போன்ற மயிர்க்கற்றையை வெளியே நீட்டி, அந்தப் பைக்குள் விட்டு எடுக்கும். பெண்ணைக் கவரும் வாசனை அப்படித்தான் தயாராகிறது. அதற்கான மூலப்பொருள் பூச்சியின் உடம்பில் ஊறுவதில்லை. வாடிய கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்கிலும் இருக்கும் ஆல்கலாய்டுகளை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. பூவே இல்லாத காய்ந்த தண்டில் வரியன்கள் மொய்ப்பதைப் பார்த்தால், அவை தேனுக்காக வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பெண் எருக்கைத் தேடி வருவது முட்டையிட. இலையைப் புரட்டாமல், குனிந்து கீழிருந்து பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெள்ளையாக ஒற்றை முட்டை தெரியும். வெளிவரும் புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று இணை கொம்புகளோடு வளரும். எருக்கம்பாலில் இருக்கும் நஞ்சு, இதயத் தசைச் செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை முடக்கக்கூடியது. புழு அந்த இலையைத்தான் தின்கிறது, நஞ்சில் ஒரு பகுதியை உடம்பிலும் சேர்த்துவைக்கிறது. ஆனால் பாலின் பிசுபிசுப்பு அதற்கும் தொல்லைதான், வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் இலை நரம்பைக் கடித்து வெட்டிவிடும். பால் அங்கேயே வடிந்து நின்றுவிட, வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதியை நிம்மதியாக மேயும். இலை ஒன்று நடுவில் ஒடிந்தாற்போலத் தொங்கினால் அதன் பின்னால் புழுவைத் தேடுங்கள். நீங்களும் பாலிடம் எச்சரிக்கையாக இருங்கள். கண்ணில் பட்டால் கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலமே (கார்னியா) பாதிக்கப்படும். கிளையை ஒடிக்காதீர்கள், செடியைத் தொட்ட கையால் கண்ணைத் துடைக்காதீர்கள்.

தளிரில் மஞ்சள் அசுவினி அப்பியிருக்கும்; அதைத் தின்னப் பொறிவண்டு வரும். மஞ்சளும் நீலப்பச்சையுமாக வண்ணம் தீட்டியது போன்ற ஒரு வெட்டுக்கிளியும் இந்தச் செடியில்தான் குடியிருக்கும். பிடித்தால் திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும், அதனால் பிடிக்க வேண்டாம். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போக வைத்துப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பூவுக்கு வருவோம். சிறுவயதில் எருக்கம் மொட்டை அமுக்கிப் 'பட்'டென்று வெடிக்கவைத்தவர்களுக்கு அதன் நடுவில் இருக்கும் கிரீடம் நினைவிருக்கும். மற்ற பூக்களில் மகரந்தம் தூளாக இருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். எருக்கில் அப்படி இல்லை. கிரீடத்தின் உச்சியில் ஐந்து மூலையுள்ள ஒரு தட்டு. அதன் ஓரத்தில் ஐந்து இடங்களில் மகரந்தம் சிறுசிறு பொட்டலங்களாக, இரண்டிரண்டாகத் தொங்குகிறது. ஒவ்வோர் இணையையும் மேலே சேர்த்துப் பிடிப்பது கவ்வி போன்ற ஒரு பழுப்புத் துணுக்கு. கவ்விக்குக் கீழே குறுகலான ஒரு பிளவு.

கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ, காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு வைப்பது, ரீங்காரத்தோடு வந்து இந்தக் கிரீடத்தைக் கட்டிப்பிடித்துத் தேன் குடிக்கும். வழுவழுப்பான பூவில் அதன் கால் வழுக்கிப் பிளவுக்குள் இறங்கும். காலை மேலே இழுக்கும்போது பிளவின் வழியே போய்க் கவ்வியில் மாட்டும். இன்னும் இழுத்தால் கவ்வியோடு இரண்டு பொட்டலமும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடுத்த பூவில் கால் அதே மாதிரி வழுக்கினால், பொட்டலம் பிளவுக்குள் சிக்கி அங்கேயே தங்கும். சூலகத்துக்கு ஒரே தவணையில் நூற்றுக்கணக்கான மகரந்தத் துகள்கள் கிடைத்துவிடுகின்றன. சின்னஞ்சிறு பூச்சிகளுக்குக் கவ்வியைப் பிடுங்கும் பலம் கிடையாது. அதற்குக் கருவண்டு மாதிரி ஆள் வேண்டும்.

கறுத்த வண்டு, வெளுத்த பூ, இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவருவது கேமராவுக்குச் சிரமம். காட்சியின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் அதன் ஒளி அளவி முயலும். வண்டு படத்தை நிறைத்தால் எல்லாவற்றையும் வெளுக்க வைத்து, பூவை எரித்துவிடும். செல்பேசியில் எடுப்பதாக இருந்தால் பூவைத் தொட்டுக் குவியம் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இருட்டாகத் தெரிந்தாலும் வண்டின் விவரம் படத்துக்குள் இருக்கும், பிறகு தூக்கி எடுத்துக்கொள்ளலாம். எரிந்துபோன வெள்ளையை மீட்க வழியில்லை. அந்த இருட்டான படத்தில்தான் சிறகின் மேல் ஓடும் ஊதா மினுமினுப்பும் தெரியவரும்.

போன ஆவணியில் அப்படி எடுத்த நாற்பது படங்களை இரவில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றாவது படத்தில், வண்டு அப்போதுதான் பூவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கால்கள் இன்னும் கிரீடத்தைத் தொடவில்லை. பின்னங்காலின் நுனியில் ஒரு பழுப்புப் புள்ளி, அதிலிருந்து மஞ்சளாக இரண்டு பொட்டலங்கள் தொங்குகின்றன. எங்கேயோ வேறொரு பூவில் பிடுங்கியது.