காற்றில் கூடிய கரி யாருடையது?

"மனிதன் நூறு வருடமாக விட்ட புகையை ஒரு எரிமலை ஒரே நாளில் கக்கிவிடும். அப்புறம் எதற்குப் புவி வெப்பமடைகிறது என்ற இந்தப் பயமுறுத்தல்?" எங்காவது எரிமலை வெடித்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் செய்தி படத்தோடு வந்துவிடும். பதிலுக்கு "விஞ்ஞானிகள் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்று எழுதினால் யாரும் மனம் மாறப்போவதில்லை. உள்ளே இருக்கும் கேள்வி நியாயமானது. காற்றில் சேர்ந்திருக்கும் கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதலில் வரவு செலவுக் கணக்கை முடித்துவிடலாம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியேறுகிறது, அதாவது நாளுக்குப் பத்துக் கோடி டன். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவது சில பத்துக் கோடி டன்தான். 1991-ல் பிலிப்பைன்ஸில் வெடித்த பினடூபோ, சென்ற நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று. அது விட்டது ஏறக்குறைய 5 கோடி டன். இன்றைய கணக்கில் அது நமக்கு அரை நாள் வேலை.

ஆனால் "உன் கணக்கை நான் ஏன் நம்ப வேண்டும்?" என்று எதிராளி கேட்கலாம். கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, காற்றையே சோதித்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது.

கார்பன் அணுவில் மூன்று வகை உண்டு. பெரும்பாலானவை கார்பன்-12. நூற்றில் ஒன்று சற்றுக் கனமான கார்பன்-13. லட்சம் கோடியில் ஒன்றிரண்டாக, கதிரியக்கமுள்ள கார்பன்-14. இந்தக் கடைசி வகையைப் பள்ளியிலேயே படித்திருப்போம்: காஸ்மிக் கதிர்களால் மேல் வளிமண்டலத்தில் உருவாகும், 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தது. அதில் கார்பன்-14 மிச்சமே இல்லை. அதை எரித்துக் காற்றில் கலந்தால் காற்றின் கார்பன்-14 விகிதம் நீர்த்துப்போகும். 1955-ல் வேதியியலாளர் ஹான்ஸ் சூயஸ் மர வளையங்களை அளந்து, இப்படி நீர்த்துப்போயிருப்பதைக் காட்டினார். பிறகு அணுகுண்டுச் சோதனைகள் வந்து, 1960-களின் நடுவில் வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14-ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் குழப்பிவிட்டன.

விவாதத்தில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கார்பன்-14 ஆதாரத்தை மட்டும் வைத்து "நிரூபித்துவிட்டேன்" என்று எழுதுகிறார்கள். எரிமலை வாயுவிலும் கார்பன்-14 கிடையாது. விவரம் தெரிந்த எதிராளி அதை ஒரே வரியில் உடைத்துவிடுவார். எரிமலையையும் நிலக்கரியையும் பிரித்துக் காட்டுவது கார்பன்-13.

நிலக்கரி ஒரு காலத்தில் இலையாக இருந்தது. இலைக்குள் கரியமில வாயுவைப் பிடிக்கும் என்சைமுக்கு ரூபிஸ்கோ என்று பெயர். மகா மந்தமானது. நொடிக்கு மூன்று நான்கு மூலக்கூறைத்தான் கையாளும். உலகத்தின் சோறு அத்தனையும் அதன் கை வழியாகத்தான் வருகிறது. அதற்கு ஒரு பழக்கம்: கனமான கார்பன்-13 வந்தால் சற்றே தயங்கும், கார்பன்-12 என்றால் வாங்கிக்கொள்ளும். சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்குகிறவரைப் போல. வேண்டாதது இலைத்துளை வழியாக வெளியே திரும்பிப் போய்விடும். இலைத்துளைக்குள் நுழையும்போதே கனமான மூலக்கூறு கொஞ்சம் பின்தங்கும் என்பதும் சேர்ந்துகொள்ள, தாவர உடலில் கார்பன்-13 காற்றில் இருப்பதைவிட ஆயிரத்துக்குச் சுமார் இருபது பங்கு குறைந்துவிடுகிறது.

நெல், கோதுமை, வேம்பு, மா எல்லாம் இப்படித்தான். இவை சி3 தாவரங்கள். கரும்பு, சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு ஆகிய சி4 தாவரங்களில் ஏற்பாடு வேறு. அங்கே வேறொரு என்சைம் முதலில் கார்பனைப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள ஓர் உள்ளறைக்குள் தள்ளிவிடுகிறது. ரூபிஸ்கோ அந்த அறைக்குள் இருக்கிறது. வெளியே திருப்பி அனுப்ப வழி மிகக் குறைவு. கூறு கட்டி வாங்கிவந்த காய் மாதிரி, முற்றலோ பிஞ்சோ எல்லாவற்றையும் சமைத்தாக வேண்டும். அதனால் கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 அவ்வளவாகக் குறைவதில்லை.

அளவு சொல்லும் முறை இது: ஒரு பொதுத் தரப் பொருளோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைவு என்று மைனஸில் சொல்வார்கள். சி3 தாவரம் மைனஸ் 25-லிருந்து 28. கரும்பு மைனஸ் 12 அளவில். தேனில் கரும்புப் பாகு கலந்திருக்கிறதா என்று ஆய்வகங்கள் பிடிப்பது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். தேனீக்கள் பெரும்பாலும் சி3 பூக்களில் மேய்வதால் நல்ல தேன் மைனஸ் 25-ஐ ஒட்டி நிற்கும். தேனிலிருந்து புரதத்தைப் பிரித்துத் தனியே அளந்து, இரண்டுக்கும் இடைவெளி 1-க்கு மேல் போனால் கலப்படம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அரிசிப் பாகு கலந்தால் இந்தச் சோதனை தோற்றுவிடும், நெல்லும் சி3 என்பதால்.

இனி காற்றுக்கு வருவோம். எரிமலை வாயு மைனஸ் 5 அளவில். நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் சேர்ந்த சராசரி மைனஸ் 28-ஐ ஒட்டியது. பனிப்பாறைக் குமிழ்களில் அடைபட்டிருக்கும் பழைய காற்று மைனஸ் 6.4 அளவில். எரிமலைதான் காரணம் என்றால் இந்த எண் மைனஸ் 5-ஐ நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். நகர்ந்தது எதிர்த்திசையில். இன்றைய காற்று மைனஸ் 8.5-க்கு அருகில் இருக்கிறது.

இவ்வளவு சின்ன வேறுபாட்டை அளப்பது லேசான வேலை இல்லை. குடுவையில் பிடித்த காற்றிலிருந்து கரியமில வாயுவை உறையவைத்துப் பிரித்து, மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டு, நிறை 44, 45, 46 என்று மூன்று கிண்ணங்களில் எண்ணுவார்கள். நிறை 45 கிண்ணத்தில் விழுவது பெரும்பாலும் கார்பன்-13. ஈரம் கொஞ்சம் தங்கிவிட்டால் சாதாரண மூலக்கூறோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு அதுவும் 45 ஆகிவிடும். ஆகவே காற்றை நன்றாக உலர்த்த வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடின் நிறையும் 44. அது கரியமில வாயுவோடு சேர்ந்தே உறையும் என்பதால் அதைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். மாதிரி, தர வாயு, மாதிரி, தர வாயு என்று மாற்றி மாற்றி ஓட்டினால்தான் கருவியின் அளவு மெல்ல நகர்ந்துபோவது பிடிபடும்.

அடுத்து ஒரு கெட்டிக்கார ஆட்சேபம் வரும். "காற்றில் மூன்றில் ஒரு பங்கு நீங்கள் விட்டது என்றால், எண் மைனஸ் 13-ஐயும் தாண்டிக் கீழே போயிருக்க வேண்டுமே? மைனஸ் 8.5 என்றால் உங்கள் பங்கு சொற்பம்தானே?" கூட்டல் கழித்தல் சரி. விடுபட்டது கடல். ஒரு கடையின் கல்லாப்பெட்டியில் 280 ரூபாய் நாணயங்கள் இருக்கின்றன. 140 ரூபாய்க்கு மை தடவிய நாணயங்களை யாரோ போடுகிறார்கள். கல்லா நாள் முழுக்கப் பக்கத்து வங்கியோடு சில்லறை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மாலையில் எண்ணினால் 420 ரூபாய் அப்படியே இருக்கும், மை தடவிய நாணயம் கொஞ்சம்தான் இருக்கும். மற்றவை வங்கிக்குப் போய்விட்டன. அதற்காக அந்த 140 ரூபாய் வங்கி கொடுத்தது என்று சொல்ல முடியாது. காற்றின் கார்பன் சில ஆண்டுகளுக்குள் கடலோடும் செடியோடும் கைமாறிவிடுகிறது. இந்தக் கைமாற்றத்தால் மட்டும் கூடிய மொத்தத் தொகை குறைவதில்லை.

கடலே கக்குகிறது என்பவர்களுக்கு மூன்றாவது சாட்சி ஆக்சிஜன். கடல் வெப்பமாகிக் கரியமில வாயுவை விட்டால் அதற்காகக் காற்றின் ஆக்சிஜன் செலவாகாது. எரித்தால் செலவாகும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் ஆய்வகத்தில் ரால்ஃப் கீலிங் 1980-களின் இறுதியிலிருந்து அளந்துவருகிறார். ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு குறைந்துகொண்டே இருக்கிறது. இருப்பது 2,09,500 பங்கு, ஆகவே மூச்சு முட்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். கரியமில வாயு கூடுவதைவிட ஆக்சிஜன் வேகமாகக் குறைகிறது. கூடுதலில் ஒரு பகுதியைக் கடல் விழுங்குகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

"அளப்பதே எரிமலை மேல் உட்கார்ந்துதானே?" என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். ஹவாயில் மௌனா லோவா நிலையம் 3,397 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் மலைச்சரிவிலிருந்து காற்று இறங்கும்போது சில சமயம் எரிமலை வாயு அடித்து அளவு எகிறித் துள்ளும். பகலில் கீழிருந்து ஏறும் காற்று, செடிகள் உறிஞ்சிய மிச்சத்தைக் கொண்டுவரும். இரண்டையும் விலக்கி, அளவு நிலையாக நிற்கும் மணிநேரங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். எரிமலை இல்லாத தென் துருவத்திலும் இதே ஏற்றம்தான் பதிவாகியிருக்கிறது.

மௌனா லோவா பதிவை 1958-ல், பத்து லட்சத்துக்கு 313 பங்கு என்ற அளவில் தொடங்கியவர் ரால்ஃபின் தந்தை சார்லஸ் டேவிட் கீலிங். 1964-ல் நிதி வெட்டால் சில மாதங்கள் அளவீடு நின்றது. அந்தப் பள்ளம் வரைபடத்தில் இன்றும் தெரியும். நம் பக்கத்தில் கோவாவின் கேப் ராமாவில் 1993-ல் குடுவைகளில் காற்றுப் பிடிக்கத் தொடங்கினார்கள். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலின் சுத்தமான காற்று, வடகிழக்குப் பருவத்தில் துணைக்கண்டத்தின் காற்று என இரண்டும் வந்து சேரும் அருமையான முனை அது. 2002-க்குப் பிறகு அங்கும் சில ஆண்டுகள் இடைவெளி. இதுபோன்ற சலிப்பான, தலைப்புச் செய்தி ஆகாத அளவீட்டுக்கு மூன்றாண்டுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம் என்று பணம் ஒதுக்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரு கருவி பழுதானால் வேறு வாங்கிவிடலாம். 2003-ஆம் ஆண்டின் காற்றை இனி எந்தக் குடுவையிலும் பிடிக்க முடியாது.