கண்ட்ரோல் சர்ஃபேஸ்: இயக்குபலகை

கணினியில் இசையமைப்போரும் ஒலிக்கலவை செய்வோரும் கண்ட்ரோல் சர்ஃபேஸ் என்று சொல்வது மேசைமேல் வைத்துக்கொள்ளும் ஒரு கருவியை. கியூபேஸ், லாஜிக் புரோ, புரோ டூல்ஸ், ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களின் திரையில் வெறும் படமாகத் தெரியும் ஃபேடர்களையும் (நேர்க்கோட்டில் தள்ளி ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் உறுப்புகள்) குமிழ்களையும் பொத்தான்களையும், விரலால் தொட்டு இயக்கத்தக்க உண்மைப் பொருள்களாக அது தருகிறது. பார்வைக்கு அது மிக்ஸர் போலவே இருக்கும். ஆனால் மிக்ஸரின் வழியே ஒலி செல்கிறது. இதன் வழியே கட்டளை மட்டுமே செல்கிறது. ஒலி உள்ளே வர இணைப்பிகள் கொண்ட சில மாதிரிகளும் சந்தையில் உண்டு என்றாலும், அவற்றில் ஒலி அட்டை ஒன்றைச் சேர்த்து அடைத்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். மைக்கைச் செருக இடம் தேடி ஏமாறுவோர் பலர் இருப்பதால், இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இத்தொடரின் முதற்சொல்லான கண்ட்ரோல், இடைக்கால இலத்தீனத்தின் கோன்ட்ராரோட்டுலஸ் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. கோன்ட்ரா என்றால் எதிர்; ரோட்டுலஸ் என்றால் சுருள், அதாவது கணக்கெழுதிச் சுருட்டி வைத்த ஏடு. ஒருவர் எழுதிய கணக்குச் சுருளைச் சரிபார்க்க மற்றொருவர் தனியே எழுதி வைத்த எதிர்ச்சுருளே கோன்ட்ராரோட்டுலஸ். இரண்டும் ஒத்துவந்தால் கணக்கு சரி. அடக்கி ஆள்வது, இயக்குவது என்ற இன்றைய பொருள்களெல்லாம் இந்தச் சரிபார்ப்பிலிருந்து பின்னர் விரிந்தவை. நம் செய்தித்தாள்கள் சிஏஜி (இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையர்) என்று எழுதும் பதவிப்பெயரின் முதலெழுத்துக்குரிய கம்ப்ட்ரோலர் என்ற சொல்லும் இதே குடும்பம்தான். கணக்கு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு தவறாகத் தொடர்புபடுத்தியதால் நடுவில் ஒரு பகரம் நுழைந்துவிட்டது. எதிர்ச்சுருள் என்ற இந்தப் பழம்பொருள், இசைக்கருவியைப் பொறுத்தவரை வெறும் சொல்லாராய்ச்சிச் சுவைக்காக நான் எடுத்துவந்ததன்று என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

சர்ஃபேஸ் என்பது மேல் என்று பொருள்படும் சுர், முகம் என்று பொருள்படும் ஃபாஸ் என்ற இரு பிரெஞ்சுச் சொற்களின் சேர்க்கை. இரண்டும் சேர்ந்த கண்ட்ரோல் சர்ஃபேஸ் என்ற தொடரை முதலில் கையாண்ட துறைகளில் முதன்மையானது வானூர்தியியல். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் மடங்கும் எய்லரான், வாற்பகுதியில் உள்ள எலிவேட்டர், சுக்கான் ஆகியவற்றுக்கு அங்கே அந்தப் பெயர். காற்று மோதும் அந்தப் பரப்பே வானூர்தியைத் திருப்புகிறது, தூக்குகிறது, சாய்க்கிறது. ஆகவே அத்துறைக்குக் கட்டுப்பாட்டுப் பரப்பு என்ற நேர்பெயர்ப்பு மிகப் பொருத்தமானது. இசைத்துறையிலோ பரப்பு எதையும் செய்வதில்லை. செய்யும் உறுப்புகளைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவே. ஆங்கிலத்தில் ஒரே தொடர் இரண்டையும் சுமக்கலாம். தமிழில் அதே நேர்பெயர்ப்பை இங்கும் வைத்தால் பொருள் பிசகும்.

பெயருக்கு முன் பொருள் எப்படி வந்தது என்று பார்ப்போம். தொடக்ககால ஒலிப்பதிவு மேசைகளில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கப் பெரிய வட்டத் திருகுகளே இருந்தன. ஒரு கைக்கு ஒரு திருகு என்பதற்கு மேல் ஆள முடியாது. நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸில் பொறியாளராக இருந்த டாம் டவுட், 1950களில் அவற்றுக்குப் பதிலாக நேர்க்கோட்டில் நகரும் ஃபேடர்களைப் பொருத்தியவர் என்று ஒலிப்பதிவு வரலாற்றில் குறிப்பிடப்படுகிறார். ஒரு கையின் ஐந்து விரல்களுக்கும் தனித்தனி வேலை கிடைத்தது அந்த மாற்றத்தால்தான். 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனின் நீவ் நிறுவனம் நெகாம் என்ற முறையில் ஃபேடர்களுக்கு மோட்டார் பொருத்தி, பொறியாளர் செய்த அசைவுகளை நினைவில் வைத்து மீண்டும் அப்படியே நகரச் செய்தது. பின்னர் ஒலிக்கலவை கணினித் திரைக்குள் போனபோது, ஐந்து விரலுக்கும் இருந்த வேலை பறிபோய்ச் சுட்டெலியின் ஒற்றை அம்புக்குறி மட்டும் மிஞ்சியது. இழந்த விரல்களை மீட்கவே 1990களில் மேக்கி நிறுவனம் புரோ டூல்ஸ் மென்பொருளுக்காக ஹியூஐ என்ற பலகையையும், அடுத்து 2000களின் தொடக்கத்தில் லாஜிக்கை முன்னிட்டுத் தொடங்கிப் பல மென்பொருள்களுக்கும் பொதுவாக வளர்ந்த மேக்கி கண்ட்ரோல் என்ற பலகையையும் கொண்டுவந்தது. அந்தப் பலகைகள் பழையனவாகிவிட்டன. அவை கணினியோடு பேசிய நெறிமுறைகள், அதாவது செய்தி பரிமாறும் விதிகள், மட்டும் அதே பெயர்களோடு இன்று பிற நிறுவனங்களின் பலகைகளிலும் வாழ்கின்றன.

இங்கேதான் கண்ட்ரோலர், கண்ட்ரோல் சர்ஃபேஸ் என்ற இரண்டையும் பிரித்தறிய வேண்டும். கடைக்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் இரண்டையும் கலந்தே பேசுகிறார்கள். மென்பொருளுக்குக் கட்டளை அனுப்பும் எதுவும் கண்ட்ரோலர்தான். மிடி (இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் பொதுநெறிமுறை) கீபோர்டும் கண்ட்ரோலர், கால்மிதியும் கண்ட்ரோலர். 1983இல் வெளியான மிடி நெறிமுறையில் ஒரு சாதாரணக் கட்டுப்பாட்டுச் செய்தி 0 முதல் 127 வரை 128 படிகளையே அறியும். 100 மில்லிமீட்டர் ஓடும் ஃபேடரை 128 படிகளாக வெட்டினால் ஒவ்வொரு படியும் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பாடகரின் குரலை மெல்லத் தணிக்கும்போது அந்தப் படிகள் காதில் தட்டக்கூடும். மேக்கி கண்ட்ரோல் நெறிமுறை இதைத் தவிர்க்க, சுருதியை வளைப்பதற்கென்று வைத்திருந்த 14 பிட் செய்தியை ஃபேடருக்கு எடுத்துக்கொண்டது. அதில் 16,384 படிகள். இசைக்கருவிக்கென்று வகுத்த செய்தியைக் கலவைக்குக் கடன் வாங்கிய இந்த உத்தியை நான் மிகவும் இரசிக்கிறேன்.

படிகளைவிட முதன்மையான வேறுபாடு, செய்தி திரும்பி வருகிறதா என்பது. கோர்க் நானோகண்ட்ரோல்2 போன்ற சிறு கருவியில் எட்டு ஃபேடர்கள் உள்ளன. அவற்றுக்கு மோட்டார் இல்லை. வேறொரு பாடலைத் திறந்தால் திரையிலுள்ள ஃபேடர் ஓரிடத்திலும் மேசைமேலுள்ள ஃபேடர் வேறிடத்திலும் நிற்கும். தொட்டவுடன் ஒலி திடுக்கென்று தாவும். அல்லது மென்பொருளில் பிக்கப் முறையை அமைத்திருந்தால், கைஃபேடர் திரைஃபேடரின் இடத்தைக் கடக்கும்வரை எதுவும் நடக்காது. மோட்டார் ஃபேடர் உள்ள பலகையிலோ பாடலைத் திறந்த கணமே எட்டும் ஒருசேரச் சரசரவென்று ஓடித் தத்தம் இடத்தில் நிற்கின்றன. விரல் வைத்தால், தொடுகையை உணரும் தலைப்பகுதி மோட்டாரை விடுவித்து நம் கைக்கு வழிவிடுகிறது. ஃபேடரின் அசைவுகளை மென்பொருள் பதிந்து வைப்பதற்கு ஆட்டோமேஷன் என்று பெயர். அதை டச் முறையில் எழுதும்போது விரலை எடுத்தால், முன்பே எழுதியிருந்த அளவுக்கு ஃபேடர் தானாகத் திரும்பிப் போகிறது. மேசைமேல் ஒரு சுருள், கணினிக்குள் ஓர் எதிர்ச்சுருள். இரண்டும் எப்போதும் ஒத்திருக்க வேண்டும். கண்ட்ரோல் என்ற சொல்லின் பழம்பொருளுக்கு இவ்வளவு நேராக நிற்கும் கருவி இத்துறையில் வேறில்லை. எனவே கண்ட்ரோல் சர்ஃபேஸ் என்ற பெயரை இருவழிப் போக்குள்ள பலகைக்கு மட்டும் ஒதுக்குவதே முறை என்பது என் கருத்து.

இனித் தமிழ்ப்பெயர். கட்டுப்பாட்டுப் பரப்பு வானூர்திக்கு உரியது என்று கண்டோம். கட்டுப்பாட்டுப் பலகம் என்பது கணினி அமைப்புகளின் கண்ட்ரோல் பேனலுக்கு வழங்கிவிட்டது. இயக்கி என்று சுருக்கலாம் என்றால், அது டிரைவர் மென்பொருளைக் குறிக்கிறது. இந்தப் பலகைக்கே ஓர் இயக்கி நிறுவ வேண்டியிருக்கையில் குழப்பம் உறுதி. இயக்குதளம் என்றால் இயங்குதளத்திற்கும் அதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. எனவே இயக்குபலகை என்பதை நான் முன்வைக்கிறேன். எழுதுபலகை என்பதைப் போல இது வினைத்தொகை. இயக்கிய, இயக்குகிற, இயக்கும் பலகை என முக்காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் இயக்குப்பலகை என்று பகர ஒற்றிட்டு எழுதுவது பிழை. விசைப்பலகை என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால், உறுப்புகளைத் தாங்கும் மேசைக்கருவி என்ற பொருளில் பலகை எவர்க்கும் புதிதாக இராது. பொதுவான கண்ட்ரோலருக்குக் கட்டுப்படுத்தி என்று இப்போது வழங்குவதே போதும்.

உறுப்புகளின் பெயர்களில்தான் நேர்பெயர்ப்பு மிகவும் வழுக்குகிறது. ஃபேடர் என்பது மங்கு, தேய் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. ஆனால் தேய்ப்பி என்றால் பாதி வேலைதான் சொல்லப்படுகிறது. ஒலியை ஏற்றவும் இறக்கவும் அதுவே பயன்படுவதால் ஏற்றிறக்கி என்பது முழுமையாக இருக்கும். பாடலை ஓட்டவும் நிறுத்தவும் பதியவும் உள்ள பொத்தான் வரிசைக்கு டிரான்ஸ்போர்ட் என்று பெயர். இயந்திர மொழிபெயர்ப்பு அதைக் கூசாமல் போக்குவரத்து என்று எழுதுகிறது. ஒலிநாடாவை ஒரு சுருளிலிருந்து மறுசுருளுக்குக் கடத்திய இயந்திரப் பகுதியின் பெயர் அது. நாடா போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. ஓட்டப் பொத்தான்கள் என்றால் போதும். பேங்க் பொத்தானை வங்கி என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். எட்டு ஃபேடர்களை வைத்துக்கொண்டு நாற்பது தடங்களை (டிராக்குகளை) எட்டெட்டாக மாற்றி ஆள்வதற்கான பொத்தான் அது. அணி என்பது அதற்கு அழகாகப் பொருந்தும்.

இயக்குபலகை வாங்க எண்ணுவோர் ஃபேடர்களின் எண்ணிக்கைக்கு முன் நெறிமுறையைப் பார்க்க வேண்டும். லாஜிக், கியூபேஸ், ஏபிள்டன் லைவ், ரீப்பர் ஆகியவை மேக்கி கண்ட்ரோலை அறியும். புரோ டூல்ஸ் பெரிதும் ஹியூஐயையும், யூஃபோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கி இன்று ஆவிட் வசமுள்ள யூகானையும் சார்ந்தது. பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச், பிரிசோனஸ் ஃபேடர்போர்ட் 8 போன்றவை மேக்கி, ஹியூஐ இரண்டையும் பேசுவதால் மென்பொருள் மாற்றினாலும் பயன்படும். கிளிப்புகளை (சிறு இசைத்துண்டுகளை) மேடையில் ஏவி வாசிப்போருக்கு ஃபேடர் வரிசையே வேண்டாம். 64 கட்டங்கள் கொண்ட நோவேஷன் லாஞ்ச்பேட், ஏபிள்டன் புஷ் ஆகியவை அவர்களுக்கெனவே வடிவமைக்கப்பட்டவை. திரையிசைக்காக மாதிரி ஒலிகளில் (சாம்பிள்களில்) வயலின் குழுவை எழுதுவோருக்கு மிடியின் எண் 1 மாடுலேஷன், எண் 11 எக்ஸ்பிரஷன் என்ற இரு கட்டுப்பாடுகளை ஒரே நேரத்தில் தள்ள இரண்டு மூன்று நல்ல ஃபேடர்கள் இருந்தால் போதும். அவர்கள் மோட்டாருக்குப் பணம் கொட்டுவது வீண். தனியே அமர்ந்து பாட்டுக் கலவை செய்வோருக்கும் பல நேரம் ஒற்றை ஃபேடர் பலகையே போதுகிறது, ஏனென்றால் குரலின் ஆட்டோமேஷனை எழுதுகையில் தொடுவது ஒரே தடத்தைத்தான்.

மோட்டார் ஃபேடர்கள் யுஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் ஓடுவது அரிது. பெரும்பாலும் தனி அடாப்டர் வேண்டும். பாடகரும் பலகையும் ஒரே அறையில் இருந்தால் ஃபேடர்கள் ஓடும் சரசரப்பு மைக்கில் ஏறும் என்பதால், பதிவின்போது ஆட்டோமேஷனை நிறுத்தி வைப்பார்கள். மேக்கி நெறிமுறையில் ஒவ்வொரு ஃபேடருக்கும் ஒரு மிடி சேனல் செலவாவதால், கூடுதலாக எட்டு ஃபேடர் நீட்டிப்புப் பலகை சேர்த்தால் அதற்குத் தனி மிடி வாயிலையும் மென்பொருளில் ஒதுக்க வேண்டும்; புதிதாக வாங்கியது இயங்கவில்லை என்ற புகார்களில் பல இதைச் செய்யாததால் எழுபவை.

தடப்பெயர் காட்டும் சிறு திரை குறித்தும் தமிழர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. மேக்கி நெறிமுறை ஒரு தடத்திற்கு ஒரு வரியில் ஏழு எழுத்து இடம் தருகிறது. எழுத்துகளையும் ஏழு பிட் குறியீடாகவே அனுப்புகிறது. மென்பொருளில் மிருதங்கம், தவில், கோரஸ் என்று தமிழில் பெயரிட்டால் கணினித் திரையில் தெரியும், பலகையின் திரையில் ஏறாது. உரோமன் எழுத்தில் ஆறேழு எழுத்துக்குள் சுருக்கி எழுதினால்தான் எந்த ஏற்றிறக்கி எந்தத் தடத்துக்கு என்று பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும்.